மூன்று பாலங்கள், முந்நூறு செய்திகள்

கணவனையும் மனைவியையும் எதிரெதிர் அணியில் நிறுத்தினால் வேடிக்கையாக இருக்கும் என்று ஜெனரலுக்குத் தோன்றிவிட்டது. அவருக்கு ஒன்று தோன்றிவிட்டால் அது உத்தரவு. அந்த வருடப் போர்ப் பயிற்சியில் நீலப் படையின் கட்டளை அறை மனைவியின் பொறுப்பு. சிவப்புப் படை மொத்தமும் கணவன் கையில். இருவருமே மேஜர்கள். சிப்பாய்கள் அவளை மேஜரம்மா என்பார்கள். அவனுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் கண்கட்டு மேஜர். இருப்பதை இல்லாததாகவும் இல்லாததை இருப்பதாகவும் காட்டுவதில் ஆள் கில்லாடி.

விளையாட்டின் விதி எளிதானதுதான். ஆற்றின் மேல் வடக்கு, நடு, தெற்கு என்று மூன்று பாலங்கள். நீலப் படையின் சரக்கு லாரிகள் அவற்றில் ஏதாவது ஒன்றைக் கடந்து நண்பகலுக்குள் அக்கரை சேர வேண்டும். சிவப்புப் படை தடுக்க வேண்டும். சிவப்பில் ஆள் குறைவு. பாலத்தையே மறித்து நிற்கக்கூடிய பெரிய பிரிவு அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான். அது எந்தப் பாலத்தில் பதுங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து, வேறு வழியாகப் போய்விட்டால் ஜெயம். இரண்டு நாள் பயிற்சி, இரண்டு வாய்ப்பு. தகராறு வந்தால் தீர்த்துவைக்கக் கழுத்தில் விசிலோடு நடுவர்கள்.

கேட்கும்போது பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறது. ஆனாலும் நீலப் படை வருடா வருடம் தோற்றுக்கொண்டே வந்தது.

போன வருடம் தோற்றதற்குத் தகவல் போதாததுதான் காரணம் என்று யாரோ ஒரு அதிகாரி எழுதிவைத்துவிட்டுப் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதன் பலனாக இந்த வருடம் கட்டளை அறைச் சுவர் முழுக்கத் திரைகள். டிரோன் அனுப்பும் படம் ஒரு திரையில், ரோந்து வீரர்கள் அனுப்பும் செய்தி இன்னொன்றில், சாலையோரம் புதைத்துவைத்த அதிர்வுக் கருவிகள் சொல்வது மற்றொன்றில். இது போதாதென்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய புது மென்பொருள் ஒன்று. எந்தச் செய்தி வந்தாலும் அது 'டிங்' என்று மணியடிக்கும். முதல் நாள் காலை அது அடித்த மணியில் அறையிலிருந்த எல்லோருக்கும் காது அடைத்துவிட்டது.

ரேடியோவைக் கவனித்த சார்ஜென்ட்டுக்கு வெண்கலம் என்று பெயர். ரேடியோ இல்லாமலே ஆற்றின் அக்கரைக்குக் கேட்கும் தொண்டை. அவர் ஒரு பக்கம் கத்தினார்.

"வடக்குப் பாலத்துல தூசி கெளம்புது! வண்டிங்க வருது போல!"

"நடுப் பாலத்துல மண் மூட்டை அடுக்குறாங்க," என்றார் வரைபடத்தின் மேல் குனிந்திருந்த கேப்டன். அவர் எதையும் ஒரு முறைதான் சொல்வார், அதுவும் மெதுவாக.

டிங். டிங். டிங்.

நீலப் படையின் தலைவர் கர்னல். நல்ல மனிதர். யாரையாவது திட்டிவிட்டால் அன்று மாலையே தேடிப் போய்த் தோளில் தட்டிவிட்டு வருகிறவர். அவரிடம் இருந்த ஒரே சங்கடம், தனக்குத் தெரியாமல் ஏதாவது நழுவிப் போய்விடுமோ என்ற பயம். அதனால் வந்த தாளையெல்லாம் தானே வாங்கினார், எல்லாத் திரையையும் தானே பார்த்தார்.

"இன்னும் என்ன வந்திருக்கு? அதையும் கொண்டா. வடக்குல எத்தனை வண்டி? சரியாக் கேட்டுச் சொல்லு!"

மேஜரம்மாவும் சளைத்தவள் இல்லை. வந்த ஒவ்வொன்றையும் வரி விடாமல் படித்து, சுருக்கி, எழுதி, அவர் மேசையில் வைத்துக்கொண்டே இருந்தாள். வைக்க வைக்க அடியில் இருந்தது பழையதாகிக்கொண்டே போனது. அது அவளுக்குத் தெரிந்தும் கை நிற்கவில்லை.

அந்தக் களேபரத்தில்தான் பின்பக்கச் சாலையில் மூன்று லாரிகள் சத்தமில்லாமல் வருவதாகச் செய்தி வந்தது. டிரோன் ஒன்றைப் பார்த்தது, ரோந்து ஒன்றைப் பார்த்தது, அதிர்வுக் கருவி ஒன்றை உணர்ந்தது. மென்பொருள் கூட்டிப் பார்த்து மூன்று என்றது. கர்னல் பதறிப்போய் ஒரு பிரிவையே அனுப்பினார். அவர்கள் பாய்ந்து மடக்கிய இடத்தில் நின்றது ஒரே ஒரு லாரி. உள்ளே இருந்து இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு இறங்கியவர் நீலப் படையின் சொந்தச் சமையல்காரர்.

"ஏம்ப்பா, சோறு கொண்டு வந்தது ஒரு குத்தமா?" என்று அவர் கேட்டது ரேடியோவில் எல்லோருக்கும் கேட்டது.

சிரிக்கக்கூட நேரமில்லை. கடிகாரம் நண்பகலை நெருங்கிவிட்டது. கர்னல் இரண்டு கையிலும் தாள்களைப் பிடித்துக்கொண்டு அறை நடுவில் நின்று கேட்டார்.

"சரி. இப்ப நான் எதை முடிவு பண்ணணும்?"

பதிலுக்கு மணிதான் டிங் என்றது. வெளியே நடுவர் விசில் ஊதிவிட்டார். லாரிகள் புறப்படவே இல்லை.

*

படைத்தளத்தை ஒட்டியே குடியிருப்பு. மாலையில் பயிற்சிக்கு ஓய்வு. கண்கட்டு மேஜர் குளித்து முடித்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சாப்பாட்டு மேசைக்கு வந்தான்.

"உங்க சமையல்காரர் சௌக்கியமா? அடி கிடி படலையே?"

"என்னங்க, வேண்டாம்," என்றாள் அவள்.

"கேக்கறது தப்பா? அக்கறைதானே!"

அவன் அம்மா கரண்டியை மேசையில் தட்டினார். "உங்க சண்டையெல்லாம் ஆத்தங்கரையோட. இந்த மேசைக்குக் கொண்டு வந்தீங்கன்னா ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது."

"நீங்க சொல்லுங்க அத்தை, ஆரம்பிச்சது யாரு?"

"ஆரம்பிச்சது என் பிள்ளைதான். ஆனா முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கிறது நீதான்."

மகள் தட்டைப் பார்த்துச் சிரித்தாள். அவள் பள்ளியில் பாதிப் பேர் நீலம், பாதிப் பேர் சிவப்பு. இவளுக்கு மட்டும் எந்தப் பக்கம் சேருவது என்று தெரியாத அவஸ்தை.

கை கழுவும்போது அவன் அருகில் வந்து, ஜெயித்த களிப்பில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டான். "வருத்தப்படாதேம்மா. உன் மேல தப்பில்ல. ஷாம்பு பாட்டில் பின்னாடி எழுதியிருக்கிறதைக்கூட விடாமப் படிக்கிறவ நீ. உனக்கு எதிரா விளையாடறது எனக்கு ரொம்ப சுலபம்."

அவள் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்த்தாள். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அப்படியென்றால் அந்தத் தூசி? வடக்குப் பாலத்தில் காலையிலிருந்து ஓயாமல் கிளம்பிய தூசி? அத்தனையும் அவளுக்காகவே போட்ட தீனியா? அவள் படிப்பாள் என்று தெரிந்து, படித்துக்கொண்டே இருப்பாள் என்று தெரிந்து!

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது என்னவோ சிரிப்புதான். மனுஷன் பன்னிரண்டு வருடம் சும்மா குடும்பம் நடத்தவில்லை, வேவு பார்த்திருக்கிறான்.

பால்கனியில் துணி மடித்துக்கொண்டே யோசித்தாள். கர்னல் கேட்ட கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது. இப்ப நான் எதை முடிவு பண்ணணும்? அறையில் இருந்த அத்தனை பேரும் படித்தவர்கள், அனுபவம் உள்ளவர்கள். நாள் முழுக்க எவ்வளவோ தெரிந்துகொண்டார்கள். ஆனால் அதெல்லாம் எதற்காக என்று காலையில் யாரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவே இல்லை. அவளும்தான் சொல்லவில்லை. அவளுடைய வேலையே அதுதானே!

மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டு கேப்டனுக்கும் வெண்கலத்துக்கும் போன் செய்தாள். நாளைக்குக் காலையில் சீக்கிரம் வர முடியுமா என்று கேட்டாள். வெண்கலம் சரி என்று சொன்னது போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

*

காலையில் கர்னல் வந்தபோது கட்டளை அறை இரண்டாகியிருந்தது. திரைகள், ரேடியோ, மணி எல்லாம் வெளி அறையில். மணியின் வாயை மேஜரம்மா முதல் வேலையாக அடைத்திருந்தாள். உள் அறையில் ஒரு வரைபடம், ஒரு மேசை, நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை. பலகையில் மூன்று கேள்விகள். அவர்களுடைய பெரிய பிரிவு எங்கே? எந்தப் பாலம் லாரியைத் தாங்கும் நிலையில் திறந்திருக்கிறது? நம் லாரிகள் தயாரா?

"என்னம்மா இது, என்னை உள்ள வச்சுப் பூட்டப் போறியா?"

"பூட்டல சார். கதவு திறந்துதான் இருக்கும். நான் வாசல்ல நிப்பேன். இந்த மூணு கேள்வியில ஒண்ணோட பதிலையாவது மாத்துற செய்தி வந்தா, அடுத்த நிமிஷம் உங்க கையில இருக்கும். மத்ததெல்லாம் வெளியிலயே இருக்கட்டும்."

"நீ விட்டதுல ஏதாவது முக்கியமானது இருந்துட்டா?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. இரவு பாதி அதையேதான் யோசித்திருந்தாள். "அதுக்கும் வழி வச்சிருக்கேன் சார். யாருக்காவது மனசுல ஏதாவது உறுத்தினா, கேள்வியில சேருதா சேரலையான்னு பார்க்க வேண்டாம். நேரா எங்கிட்ட வந்து வாயால சொல்லலாம். சார்ஜென்ட்டும் சொல்லலாம், டீ கொண்டு வர்றவரும் சொல்லலாம்."

கர்னல் பலகையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். "டீ மட்டும் தாராளமா வரட்டும்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வெளி அறையில் பாலத்துக்கு ஒன்றாக மூன்று மேசைகள், மேசைக்கு ஒரு தட்டு, ஒரு ஆள். எந்தப் பாலத்தைப் பற்றிய செய்தியோ அந்தத் தட்டில், வந்த நேர வரிசைப்படி. யாரும் கத்தக் கூடாது. இந்த விதியைக் கேட்டதும் வெண்கலத்தின் முகம் வாடியதைப் பார்க்க வேண்டும். அவருக்குத் தெற்குப் பாலத்து மேசையைக் கொடுத்தாள்.

முதல் ஒரு மணி நேரம் பெரும்பாடு. வடக்குத் தட்டில் செய்தி குவிந்தது. தூசி, வண்டிச் சத்தம், மறுபடி தூசி. மேஜரம்மாவின் கை தானாகத் தட்டை நோக்கிப் போகும். கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். ஷாம்பு பாட்டில், ஷாம்பு பாட்டில் என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். உள்ளே கர்னலுக்கு அதைவிட மோசம். நாற்காலியை மெல்ல வாசல் பக்கம் நகர்த்தி, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்.

"வடக்குல ஏதோ வந்த மாதிரி இருந்துதே?"

"வந்துது சார். பதிலை மாத்துற மாதிரி இல்ல."

"சும்மா கேட்டேன்." நாற்காலி பின்னால் போனது.

ஜெனரல் அலுவலகத்திலிருந்து நிலவரம் கேட்டு இரண்டு முறை போன் வந்தது. இரண்டு முறையும் அவளே எடுத்து, "நிலவரம் நல்லா இருக்கு சார்," என்று ஒரு வரியில் முடித்தாள். மறுமுனையில் இருந்தவர் இன்னும் ஏதாவது சொல்வாளா என்று காத்திருந்துவிட்டு வைத்தார்.

வடக்கு மேசைக்குப் பக்கத்தில் கேப்டன் நின்று, நேர வரிசையில் இருந்த தாள்களைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்தார்.

"வடக்குல நிறைய வண்டி இல்ல. ரெண்டு ஜீப்தான். ஒண்ணுல பச்சை தார்ப்பாய், இன்னொண்ணுல ஒரு விளக்கு உடைஞ்சிருக்கு. அதே ரெண்டும் மேட்டைச் சுத்திச் சுத்தி வருது."

"நிச்சயமா?"

"ஒவ்வொரு தாளாப் பார்த்தா படை. சேர்த்துப் பார்த்தா ரெண்டு ஜீப்."

இது கேள்விக்கான பதில். மேஜரம்மா உள்ளே போய்ச் சொன்னாள். கர்னல் வடக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். "அப்ப பெரிய பிரிவு நடுவுலயா, தெற்குலயா?"

நடுப் பாலத்தில் மண் மூட்டை அடுக்கியிருந்தது உண்மைதான். டிரோன் படத்தில் நன்றாகவே தெரிந்தது. லாரி நுழைய வழியில்லை, அதைக் காக்கப் பெரிய பிரிவும் வேண்டியதில்லை. தெற்கு?

அந்த நேரத்தில்தான் வெண்கலம் எழுந்து வந்தார். குரலை அடக்கிப் பேசுவது அவருக்கு மூச்சை அடக்குவது மாதிரி.

"மேஜரம்மா, மனசுல உறுத்தறதைச் சொல்லலாம்னீங்க."

"சொல்லுங்க."

"எனக்கு போரடிக்குது. அவங்க ரெண்டு பேருக்கும் தலைக்கு மேல வேலை. என் தட்டுல காலையிலேருந்து ஒரு தாள் விழல. நான் என்ன பாவம் பண்ணினேன்? எனக்கு வடக்கு மேசையை மாத்திக் கொடுங்க."

மேஜரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. திரும்பித் தெற்கு மேசையைப் பார்த்தாள். பளபளவென்று காலியாக இருந்தது தட்டு. ஒரு வண்டிச் சத்தம் இல்லை, ஒரு தூசி இல்லை, ஒரு சிவப்புச் சிப்பாய் சிகரெட் பற்றவைத்ததாகக்கூட இல்லை.

நேற்றும் இப்படித்தான் இருந்திருக்கும். நேற்று எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்ததால், இல்லாதது கண்ணில் படவில்லை.

"ஒண்ணுமே இல்லன்னா, அங்க யாரும் இல்லன்னு அர்த்தமா?" என்று கேட்டார் கேப்டன்.

"வேற யாரா இருந்தாலும் அப்படித்தான். இது என் வீட்டுக்காரர்." அவள் மெதுவாகச் சொன்னாள். "வீட்டுல அவர் சத்தம் போட்டா கவலைப்பட வேண்டியதில்ல கேப்டன். சத்தமே இல்லாம இருந்தாத்தான் ஏதோ பண்ணிக்கிட்டு இருக்கார்னு அர்த்தம்."

தெற்குக் கரையில் இருந்த ரோந்துக்கு ஒரே ஒரு கேள்வி அனுப்பினார்கள். பாலத்தை ஒட்டிய தோப்புக்குள் போகும் மண் பாதையில் தடம் இருக்கிறதா? வெண்கலத்துக்கு வேலை வந்த சந்தோஷம். பதில் வந்ததும் தாளோடு ஓடியே வந்தார்.

"பெரிய சக்கரத் தடம் தோப்புக்குள்ள போயிருக்காம். ஒண்ணும் வெளிய வரலையாம்!"

மூவரும் உள்ளே போனார்கள். மேஜரம்மா கையில் தாள் எதுவும் இல்லை.

"தெற்குல, தோப்புக்குள்ள பெரிய பிரிவு பதுங்கியிருக்கு சார். வடக்கும் நடுவும் பரபரப்பா இருக்கிற மாதிரி காட்டி, நம்மை அமைதியான பாலத்துக்குத் தள்ளப் பார்க்கிறாங்க. வடக்குல ரெண்டு ஜீப்தான். பாலம் திறந்திருக்கு. லாரிங்க தயார்."

"நீ சொல்றது தப்பா இருந்தா?"

"இருக்கலாம் சார். தடம் நேத்து விழுந்து, அவங்க வேற வழியா வெளிய போயிருக்கலாம். ஆனா இன்னும் தெளிவா தெரிஞ்சுக்கணும்னா நண்பகல் தாண்டிடும்."

அவள் உள்ளுக்குள் தயாரானாள். இன்னும் என்ன இருக்கு, அதையும் கொண்டா என்று இப்போது கேட்பார். கேட்டால் என்ன சொல்வது?

கர்னல் கேட்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தார். விரலால் வடக்குப் பாலம் வரை ஒரு கோடு இழுத்தார். தெற்குத் தோப்பிலிருந்து வடக்குப் பாலம் வரை இன்னொரு கோடு. அது நீளமாக இருந்தது. டீயின் கடைசி வாயைக் குடித்தார். அவர் முகத்தில் அப்படியொரு அமைதியை மேஜரம்மா அதுவரை பார்த்ததில்லை.

"தெற்குலேருந்து அவங்க கெளம்பி வந்தாலும் நம்ம லாரி முந்திக்கும். ஒருவேளை அங்க யாரும் இல்லைன்னாலும், வடக்குல ரெண்டு ஜீப்பை நாம சமாளிப்போம். எப்படிப் பார்த்தாலும் வடக்குதான். அனுப்பு."

அவ்வளவுதான். நேற்று நாள் முழுக்கக் கிடைக்காத முடிவு, டீ ஆறுவதற்குள் கிடைத்துவிட்டது.

"சார்ஜென்ட், இப்ப நீங்க கத்தலாம்," என்றாள் மேஜரம்மா.

வெண்கலம் கொடுத்த உத்தரவு லாரி ஓட்டுநர்களுக்கு ரேடியோவிலும் கேட்டது, ஜன்னல் வழியாகவும் கேட்டது.

வடக்குப் பாலத்தில் பச்சை தார்ப்பாய் ஜீப்பும் ஒற்றை விளக்கு ஜீப்பும் தலை முதல் கால் வரை செம்மண் பூசிக்கொண்டு நின்றன. இரண்டு நாளாக ஒரே மேட்டைச் சுற்றியவர்களுக்குத் தலை சுற்றலே மிச்சம். வரிசையாக லாரிகள் வருவதைப் பார்த்ததும் ஓட்டுநர்கள் இறங்கி, "அப்பாடா, முடிஞ்சுதா?" என்றார்கள். தெற்குத் தோப்பிலிருந்து சிவப்புப் படையின் பெரிய பிரிவு அலறியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது கடைசி லாரி அக்கரையில் நிழல் பார்த்து நின்றுகொண்டிருந்தது. நடுவர் விசிலை ஊதி நீலக் கொடியைத் தூக்கினார்.

கட்டளை அறையில் கர்னல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். வெண்கலத்தின் கையை இரண்டு முறை. பிறகு தயங்கித் தயங்கி மேஜரம்மாவிடம் கேட்டார்.

"இப்பவாவது வெளி அறைக்குப் போய் எல்லாத்தையும் பார்க்கலாமா?"

"தாராளமா பாருங்க சார்."

குழந்தை மாதிரி ஓடினார். வடக்குத் தட்டிலிருந்த தாள்களை முழுக்கப் படித்து முடித்துவிட்டு, "நல்லவேளை, இதெல்லாம் எங்கிட்ட வரல," என்றார்.

*

பிற்பகல் ஆய்வுக் கூட்டத்தில் ஜெனரல் கண்கட்டு மேஜரை எழுப்பி நிறுத்திக் கேட்டார். "உன் திட்டம் நல்ல திட்டம்தானே? எங்க சறுக்குச்சு?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "எதிர் அணியில இருக்கிறவங்க எல்லாத்தையும் படிப்பாங்கன்னு நம்பினேன் சார். படிக்கல."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேஜரம்மா மட்டும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அடங்கவில்லை.

வீட்டுக்கு நடந்துபோகும்போது அவன் அவளுடைய பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டான்.

"அது சரி, தோப்புல இருக்கோம்னு எப்படிக் கண்டுபிடிச்சே? ஒரு பீடிப் புகை வராம பார்த்துக்கிட்டேனே!"

"அதனாலதான்."

"புரியலையே."

"புரிய வேண்டாம். அடுத்த வருஷமும் அப்படியே பண்ணுங்க."

"அடுத்த வருஷமா? உனக்கு விஷயம் தெரியாதா?" அவன் நின்றான். "கூட்டம் முடிஞ்சதும் ஜெனரல் எங்கிட்ட வந்தார். அடுத்த பயிற்சியில நம்ம ரெண்டு பேரையும் ஒரே அணியில போடப் போறாராம். ஒரே கட்டளை அறை."

அவளும் நின்றாள். ஒரே அறையில் இருவரும். இவன் ஒன்று சொல்ல, அவள் ஒன்று சொல்ல, நடுவில் பாவம் அந்தக் கர்னல்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வீட்டுல கலந்து பேசிச் சொல்றேன்னேன்."

"ஜெனரல்கிட்டயா?"

"வேற என்னம்மா சொல்றது? வாயில அதுதான் வந்துது."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சாலையோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அவன் முதலில் முறைத்தான், பிறகு அவனும் சேர்ந்துகொண்டான். மூன்றாவது வீட்டு மாடியிலிருந்து மகள் எட்டிப் பார்த்து, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"பாட்டி, ரெண்டு பேரும் வராங்க. யாரு ஜெயிச்சாங்கன்னே தெரியல, ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க!"